விதி எண் ஏழு: பால் காய்ச்சக் கூடாது

அடுப்போரம் காய்ந்து கிடந்தது பால்தான் என்பதில் சபாபதிக்குச் சந்தேகமே இல்லை. மின் அடுப்பின் கண்ணாடி விளிம்பில் வழிந்து, கல்மேடையின் இடுக்கில் இறங்கி, லேசாக மஞ்சள் பூத்துக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறையும் மோந்து பார்த்தார். பிறகு, அன்று காலைதான் வீட்டைக் காலி செய்துவிட்டு சிங்கப்பூர் பஸ் ஏறியிருந்த இளைஞனைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க, திட்ட மாட்டேன். வீட்டுல பால் காய்ச்சினீங்களா?"

பஸ் இரைச்சலுக்கு மேலே பையன் கத்தினான்.

"அங்கிள், நாங்க மூணு நாளும் வெளியதான் சாப்பிட்டோம். ரூல் நம்பர் செவன் நல்லா ஞாபகம் இருக்கு லா."

காலணியைக் கழற்றவும், புகைக்காதே, குப்பையைக் கட்டி வை என்று ஆறு விதிகளை வாடகைச் செயலியே எழுதிக் கொடுத்திருந்தது. ஏழாவதைச் சபாபதி சொந்தமாகச் சேர்த்தார். 'சமையலறையில் எக்காரணம் கொண்டும் பால் காய்ச்சக் கூடாது.' மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அச்செடுத்து, அடுப்புக்கு நேர் மேலே ஒட்டியும் வைத்திருந்தார். சிங்கப்பூர் பையன்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

சபாபதி சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் மேற்பார்வையாளர். கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறியவர். ஆறு வீட்டிலும் அவர் மனைவி தனலெட்சுமிதான் பால் காய்ச்சிக் குடிபுகுந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளிடம் சொல்வது மாதிரியே எதையும் நிதானமாகச் சொல்வாள். "அடுத்தவங்க வீட்டுக்கே ஆறு தடவ பால் பொங்க வச்சாச்சு" என்று அவள் ஒருநாள் சொன்னது குறையாகக்கூட இல்லை. ஆனால் அது சபாபதியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுவாரமே சுபாங் ஜெயா ஹோட்டல் ஒன்றில் நடந்த இலவசக் கருத்தரங்கில் போய் உட்கார்ந்தார். டிசம்பர் விடுமுறை, தைப்பூசம், தீபாவளி என்று வருஷத்துக்கு மூன்று சீசன் வாடகைக்கு விட்டால் போதும், வீடு தன்னைத் தானே வாங்கிக்கொள்ளும் என்று கோட்டுப் போட்ட ஒருவர் விளக்கினார். நாசி லெமாக் சாப்பாடும் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் சீசனுக்கு விடுவது, அப்புறம் நாமே குடிபோவது என்று தனலெட்சுமியிடம் பேசி முடித்து, பிரிக்பீல்ட்ஸில் பதினேழாவது மாடியில் ஒரு புதிய கொண்டோ வீட்டை வாங்கினார்.

கார்த்திகைக் கடைசியில் சாவி கிடைத்தது. வாசல் காவலர் வேலாயுதம், தான் கண் ஆப்பரேஷனுக்காக அடுத்த வாரம் முதல் ஒரு மாதம் லீவு என்றும், பால் காய்ச்சும்போது தன்னை மறந்துவிடக் கூடாது என்றும் சொல்லிச் சிரித்தார். இரண்டு சாவியில் ஒன்றைத் தனலெட்சுமி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுநாளே கம்பெனி சபாபதியை ஸ்டாக் கணக்கெடுக்க ஜொகூருக்கு அனுப்பிவிட்டது. அங்கேதான் அவள் போன் வந்தது.

"வர்ற வெள்ளிக்கிழம நல்ல நாள். அத விட்டா மார்கழி பொறந்துடும். வந்துடுவீங்களா?"

"செவ்வாய்க்கிழமைக்கு முன்னால விட மாட்டாங்க தனம்."

"சரி, தையில வச்சுக்கலாம். அதுவரைக்கும் வீடு பூட்டியே இருக்கட்டும். நீங்க ஒண்ணும் அங்க போக வேணாம்."

அந்தச் 'சரி' சபாபதியைப் பாடாய்ப் படுத்திவிட்டது. இருபத்து மூன்று வருஷம் காத்திருந்தவளை இன்னும் ஒரு மாதம் காக்க வைத்துவிட்டோமே என்று ஹோட்டல் கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தார். இந்த வருத்தம் வங்கியிலிருந்து முதல் தவணைக்கான குறுஞ்செய்தி வரும்வரை குறையாமல் இருந்தது. செய்தி வந்ததும் டிசம்பர் சீசன் ஞாபகம் வந்தது. மார்கழி முழுக்க வீட்டைப் பூட்டி வைத்தால் முதல் சீசன் போச்சு.

அவர் இப்படி யோசித்தார்: வீட்டுக்குள் மனிதர்கள் வரலாம், போகலாம். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பால் பொங்குவதுதான் விஷயம். அதை மட்டும் தனலெட்சுமிக்காகத் தொடாமல் வைத்துவிட்டால் அவளுக்குத் துரோகம் செய்ததாகாது. சபாபதியின் மனசாட்சிக்கு இந்த மாதிரி ஒதுக்குப்புறமாக ஒரு வழி எப்போதும் கிடைத்துவிடும். ஊர் திரும்பிய மறுநாள் கட்டில், மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றையும் இரகசியமாக லோரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டார். அதற்கடுத்த நாள் சிங்கப்பூர் பையன்கள் வந்தார்கள்.

இப்போது இந்தக் கறை.

பழைய பல் தூரிகையால் ஒரு மணி நேரம் தேய்த்துக்கொண்டே சபாபதி தனக்குத் தானே தீர்ப்பு எழுதினார். பயல்கள் பொய் சொல்கிறார்கள். ஒரு கப் பாலைச் சூடு பண்ணியிருப்பார்கள், சிந்தியிருக்கும். சிந்துவது வேறு, பொங்குவது வேறு. சிந்தியது கணக்கில் வராது. ஆனால் இனிமேல் ஒரு சொட்டுக்கூட ஆகாது. அடுப்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, நான்கு பக்கமும் ஒட்டி, மலாயில் 'ரோசாக்' என்று பெரிதாக எழுதி வைத்தார். அடுப்பு பழுது என்றால் யார் என்ன செய்ய முடியும்?

பினாங்கிலிருந்து நாச்சியப்பச் செட்டியாரும் தெய்வானை ஆச்சியும் வந்து இறங்கினார்கள். பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கும் மகளின் வீடு சின்னது என்பதாலும், பிரிக்பீல்ட்ஸில் கோயிலுக்கு நடந்தே போகலாம் என்பதாலும் பன்னிரண்டு நாளுக்கு எடுத்திருந்தார்கள். ஆச்சி உள்ளே வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் அடுப்பைப் பார்த்தார்.

"தம்பி, இது மார்கழி. விடிகாலையில குளிச்சுட்டு, அப்பக் காய்ச்சின பால சாமிக்கு வைக்காம நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். நாப்பது வருஷ வழக்கம்."

மார்கழி என்பதால் சபாபதி பால் காய்ச்ச முடியாது. மார்கழி என்பதால் ஆச்சி பால் காய்ச்சாமல் இருக்க முடியாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், இன்னும் பால் காய்ச்சாத புது வீட்டில் மார்கழியில் கொண்டுவந்து குடிவைத்தாயா என்று செட்டியார் அப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுப்பு ரிப்பேர் என்றும் பாகம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும் என்றும் சொன்னார்.

செட்டியார் உதவும் மனம் படைத்தவர். அதுதான் வினையாகப் போயிற்று. மகளின் ஆபீஸுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீசியனை மாலையில் வரச் சொல்லியிருக்கிறேன், செலவு என்னுடையது என்றார். சபாபதி கம்பெனியில் அரைநாள் லீவு போட்டார். செட்டியார் தம்பதி மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் உள்ளே போய், பின்பக்கத்து வயரைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு வந்தார். நன்றாக இருந்த அடுப்பு உண்மையிலேயே பழுதானது.

மாலையில் வந்த எலக்ட்ரீசியன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வயர் துண்டாகிக் கிடக்கிறது என்றார்.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் சபாபதி.

"பதினேழாவது மாடியிலயா?" என்று கேட்டார் செட்டியார்.

"பிரிக்பீல்ட்ஸ் எலி லிஃப்ட்ல வரும் ஐயா."

எலக்ட்ரீசியன் பத்து நிமிஷத்தில் வயரை மாற்றிவிடுவதாகச் சொன்னார். உத்தரவாதம் போய்விடும் என்று சபாபதி குறுக்கே நின்றார். அப்படியானால் பாசாரில் ஒரு சின்ன காஸ் அடுப்பு வாங்கிக்கொள்கிறேன் என்று ஆச்சி புடவையைச் சரிசெய்து கிளம்பினார். சபாபதி வாசலை மறித்தார். யோசிக்காமல் வாயைத் திறந்தார்.

"வேணாம் ஆச்சி. நானே தினமும் பால் காய்ச்சிக் கொண்டாந்து தரேன். விடிகாலை அஞ்சேகாலுக்கு."

ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. வாடகைக்கு விடுகிறவர்களில் இப்படியும் ஒரு பிள்ளை உண்டா என்று செட்டியாரிடம் கேட்டார்.

இப்படியாக, ஆறரை மணி அலாரத்துக்கே மூன்று தடவை அசையாத சபாபதி நாலரைக்கு எழத் தொடங்கினார். குளித்துவிட்டு, பூனை மாதிரி சமையலறைக்குப் போய் ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, சிவப்பு மூடி போட்ட பெரிய பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு கிளம்புவார். மூன்றாம் நாள் சமையலறை விளக்கு எரிந்தது. வாசற்படியில் தனலெட்சுமி நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

கையில் பால். தலையில் ஈரம். வெளியே மார்கழி. இந்த மூன்றையும் சேர்த்தால் ஒரே ஒரு பொய்தான் வரும். சபாபதி அதைச் சொன்னார். "வேண்டுதல் தனம். மார்கழி முழுக்கக் கோயிலுக்குப் பால் கொண்டு போறேன்னு வேண்டிக்கிட்டேன். வீட்டுக்காக."

"நம்ம வீட்டுக்காகவா?"

"தையில நீ பால் காய்ச்சுற வரைக்கும் ஒரு தடங்கலும் வரக்கூடாதுல்ல."

தனலெட்சுமியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தானும் கூட வரட்டுமா என்று மெல்லிய குரலில் கேட்டாள். தனியாகச் செய்ய வேண்டிய வேண்டுதல் என்றார் அவர். அவள் வற்புறுத்தவில்லை. அன்று மாலை அவருக்குப் புது வேட்டி வாங்கி வந்தாள். மறுநாள் அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் செய்தாள். அதற்கு மறுநாளும் செய்தாள். இத்தனை வருஷத்தில் பார்க்காத கனிவாக இருந்தது. அதைச் சாப்பிடச் சாப்பிடச் சபாபதிக்குக் குற்ற உணர்வு தொண்டையை அடைத்தது. இரண்டாம் முறை போட்டுக்கொள்வதற்கு மட்டும் அது தடையாக இருக்கவில்லை.

தனலெட்சுமி இந்தப் பெருமையைப் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரனிடம் சொன்னாள். பரமேஸ்வரன் தன் மகளின் பரீட்சைக்காக அரை லிட்டர் பால் கொண்டுவந்து, உங்கள் கையாலேயே கோயிலில் கொடுத்துவிடுங்கள் என்றார். எதிர்வீட்டு அம்மாளுக்கு முழங்கால் வலி. அவர் ஒரு லிட்டர் கொடுத்தார். மார்கழி பாதிக்குள் சபாபதியின் பழைய காரில் தினமும் ஆறு லிட்டர் பால் ஏறியது. ஊரார் பாலைக் குடித்துவிட முடியுமா? பிளாஸ்க்கைச் செட்டியாரிடம் கொடுத்துவிட்டு, மீதியைக் கோயிலில் சேர்த்துவிட்டு, அதே ஈரத் தலையோடு வேலைக்குப் போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மூடிய கண்ணையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்த தொழிலாளிகள், தியானம் செய்கிறார் என்று சத்தமில்லாமல் நடந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் செட்டியார் தம்பதி கிளம்பியபோது, பினாங்கு பஸ்ஸில் குடிக்க என்று ஆச்சி கேட்டதால் பிளாஸ்க்கையும் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. அது தனலெட்சுமியின் கல்யாணத்துக்கு அவள் தங்கை புஷ்பவல்லி கொடுத்தது. கோயிலில் தொலைந்துவிட்டது என்றார் சபாபதி. தனலெட்சுமி கோபிக்கவே இல்லை. சாமிக்குத்தானே போயிருக்கிறது, விடுங்கள் என்றாள்.

இனித் தூங்கலாம் என்று நினைத்த சபாபதியின் தூக்கத்தைச் செட்டியாரின் மகள் கெடுத்தாள். செயலியில் ஐந்து நட்சத்திரம் போட்டு, தினமும் விடியற்காலையில் வீட்டுக்காரரே குளித்துவிட்டுச் சூடான பால் கொண்டுவந்து கொடுக்கிறார், இது இந்த ஊரின் பாரம்பரிய விருந்தோம்பல் என்று எழுதிவிட்டாள். தை பிறக்கும்வரை ஒருநாள் விடாமல் வீடு நிரம்பியது. ஆஸ்திரேலியத் தம்பதி ஒன்று ஐந்து மணிக்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேமராவோடு காத்திருந்தது. பால் ஆறிப்போனது என்று ஒரு கொரியாக்காரர் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார். சபாபதி புதுப் பிளாஸ்க் வாங்கினார். கொண்டோ வாங்கினால் உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கலாம் என்று சொன்ன கோட்டுக்காரரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு மிகவும் ஆசையாக இருந்தது.

ஆனாலும் ஒன்று: அத்தனை பேரும் வந்து போனார்கள், அந்த அடுப்பில் ஒரு சொட்டுப் பால் விழவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் சபாபதிக்குத் தன்மேல் மரியாதை வந்தது.

தை பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு நல்ல நேரம். முந்தின நாள் கம்பெனி எலக்ட்ரீசியன் குருவைக் கூட்டிப்போய் வயரை மாற்றினார். ஏழு விதிகளையும் கிழித்தார். கட்டிலும் மெத்தையும் தனலெட்சுமிக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க நேற்றுத்தான் வாங்கிப் போட்டது என்று சொல்ல ஏற்பாடு. மாவிலைத் தோரணம் கட்டினார்.

கிள்ளானிலிருந்து புஷ்பவல்லி கேசரிச் சட்டியோடு வந்திருந்தாள். பரமேஸ்வரன் குடும்பத்தோடு வந்திருந்தார். மஞ்சள் கொத்துக் கட்டிய புதுப் பானையைத் தனலெட்சுமி அடுப்பில் வைத்து, பால் பையை வெட்டப் போகும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது.

நாச்சியப்பச் செட்டியாரும் தெய்வானை ஆச்சியும் நின்றார்கள். ஆச்சியின் கையில் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்க்.

"பொங்கலுக்கு மக வீட்டுக்கு வந்தோம் தம்பி. இந்த நேரத்துக்கெல்லாம் நீங்க பாலோட இங்கதான் இருப்பீங்கன்னு தெரியும்" என்றபடி உள்ளே வந்த ஆச்சி, தோரணத்தைப் பார்த்து நின்றார். "என்ன விசேஷம்?"

யாரும் தடுப்பதற்குள் பரமேஸ்வரன் சொல்லிவிட்டார், பால் காய்ச்சப் போகிறார்கள் என்று.

ஆச்சி பானையைப் பார்த்தார். சபாபதியைப் பார்த்தார். "அப்ப மார்கழியில, பால் காய்ச்சாத புது வீட்டுலயா எங்கள பன்னெண்டு நாள் படுக்க வச்சீங்க?"

செட்டியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தனலெட்சுமி ஆச்சியின் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அடியில் அவள் பெயர் இருந்தது. "பன்னெண்டு நாளா?" என்று கேட்டாள்.

இதற்கு மேல் பொய் சொல்லச் சபாபதியிடம் சரக்கு இல்லை. ஒரு மாதமாகத் தூங்காத உடம்பு; சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தப்புதான் தனம். மார்கழி பூரா வாடகைக்கு விட்டேன். வேண்டுதல்லாம் ஒண்ணும் கெடையாது. ஆனா ஒருத்தரையும் இந்த அடுப்புல பால் காய்ச்ச விடல. அதுக்குத்தான் வயர வெட்டினேன். அதுக்குத்தான் தினம் நாலரைக்கு எழுந்திரிச்சு ஊருக்கெல்லாம் பால் சொமந்தேன். ஆறு வீட்டுக்குப் பொங்க வச்ச, இந்த வீட்டுலயாவது மொதப் பால் உன் கையாலதான் பொங்கணும்னு..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சிங்கப்பூர் பசங்க மட்டும் அந்த இடுக்குல கொஞ்சம் சிந்திட்டானுங்க. அது கணக்குல வராது. நான் தேச்சுக் கழுவிட்டேன்."

தனலெட்சுமியின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் அவரைப் பார்க்கவில்லை. அடுப்புக்கும் கல்மேடைக்கும் நடுவிலிருந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். புஷ்பவல்லி சட்டென்று முகத்தைத் திருப்பி, பதினேழாவது மாடியிலிருந்து மோனோரெயிலை மிகுந்த அக்கறையோடு வேடிக்கை பார்த்தாள். எவ்வளவு வேதனைப்படுத்திவிட்டோம் என்று சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது திறந்திருந்த கதவில் யாரோ தட்டினார்கள். கறுப்புக் கண்ணாடியோடு காவலர் வேலாயுதம். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். கார் எண்களைக் குறித்துக்கொள்ள வந்தாராம். புஷ்பவல்லி ஓடிப்போய், அவசர அவசரமாக ஒரு தட்டில் கேசரியை வைத்து நீட்டி, கீழே கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள் என்றாள். அவர் கீழே போகவில்லை. அங்கேயே ஒரு வாய் போட்டு, நிதானமாக மென்று, தனலெட்சுமியையும் புஷ்பவல்லியையும் பார்த்துச் சிரித்தார்.

"ஆனா அக்கா, கார்த்திகையில இதே வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பால் காய்ச்சினப்ப குடுத்த கேசரியில முந்திரி இன்னும் நெறைய இருந்துச்சு."